பிரையன் கிரான்ஸ்டன்: 'வால்டர் வைட்' வருவதற்கு முன்னும் பின்னும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

'பிரேக்கிங் பேட்' தொடரைப் பார்த்து முடித்தவர்களிடம் பேசினால், பேச்சு சுற்றிச் சுற்றி அதன் நாயகனிடம்தான் வந்து நிற்கும். இந்த மனிதர் இவ்வளவு நாள் எங்கே இருந்தார் என்று ஆச்சரியப்படுவார்கள். நடிக்க வாய்ப்பு தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளோ, அவருக்கு நடந்தது தங்களுக்கும் நடக்குமா என்று கேட்பார்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி சந்தேகங்கள் வந்துகொண்டே இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தொடரின் முடிவை எங்கேயும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

யாருங்க இந்த பிரையன் கிரான்ஸ்டன்? சுருக்கமா சொல்லுங்க.

அமெரிக்க நடிகர். 1956 மார்ச் 7 அன்று பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலேயே வளர்ந்தவர். 'மால்கம் இன் த மிடில்' தொடரின் அசட்டு அப்பா ஹால், 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் காய்ச்சும் வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், இந்த இரண்டு வேடங்களால்தான் உலகம் அவரை அறியும். மேடை, சினிமா, குரல் நடிப்பு, இயக்கம் எல்லாவற்றிலும் வேலை செய்திருக்கிறார்.

ஐம்பது வயசுக்கு மேலதான் நடிக்கவே வந்தாராமே, உண்மையா?

உண்மையில்லை. ஊக்கப் பேச்சுகளில் இதை அடிக்கடி சொல்கிறார்கள். 'பிரேக்கிங் பேட்' 2008 ஜனவரியில் தொடங்கியபோது அவருக்கு 51 வயது, அது சரி. ஆனால் அதற்குள் அவர் கால் நூற்றாண்டுக்கும் மேல் நடித்து முடித்திருந்தார். 25 வயதிலிருந்து நடிப்பைத் தவிர வேறு வேலையே பார்க்காமல் பிழைத்தேன் என்பதை அவர் பேட்டிகளில் பெருமையாகச் சொல்வார். விருதுகளைவிட அந்தப் பெருமையே அவர் பேச்சில் எனக்கு அதிகம் கேட்கிறது.

ஐம்பதில் வந்தது புகழ். தொழில் அதற்கு வெகு முன்பே கைக்கு வந்துவிட்டது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அவருடைய கதையே நமக்குத் தப்பாகத்தான் புரியும்.

அப்பாவும் நடிகர்தானே? அப்போ வாரிசுன்னு சொல்லலாமா?

அப்பா ஜோ கிரான்ஸ்டன் நடிகர், அம்மா வானொலியில் நடித்தவர். ஆனால் அப்பா நட்சத்திரம் ஆகவே இல்லை. பிரையனுக்கு 11 வயதானபோது வீட்டை விட்டுப் போய்விட்டார். பிறகு பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. வீடும் கைவிட்டுப் போக, பிரையனும் அண்ணன் கைலும் யுகைபா என்ற ஊரில் தாத்தா பாட்டியின் பண்ணையில் கொஞ்ச காலம் வளர்ந்தார்கள்.

அதனால் சிபாரிசு என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்தத் தொழில் ஒருவரை எப்படி உடைத்துப்போடும் என்பதை வீட்டிலேயே பார்த்திருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த அப்பா பின்னால் வேறொரு விதத்தில் அவருக்கு உதவினார். அதை வால்டர் வைட்டின் தோற்றம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

போலீஸ் ஆகணும்னு இருந்தவர் எப்படி நடிகரானார்?

பள்ளி நாளிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் இளைஞர் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து நன்றாகத் தேறினார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் வேலி கல்லூரியில் காவல் அறிவியல் படித்தார். அங்கே விருப்பப் பாடமாக எடுத்த நடிப்பு வகுப்பு மனதைக் கலைத்துவிட்டது. படிப்பை முடித்தார், ஆனால் வேலைக்குப் போகவில்லை. 1976-இல் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பினார்கள். கிடைத்த ஊரில் கிடைத்த வேலை, கையில் காசு சேர்ந்தால் அடுத்த ஊர் என்று இரண்டு வருடம் போனது.

வழியில் புளூ ரிட்ஜ் மலைச்சாலையில் பல நாள் விடாத மழை. ஒதுங்கிய இடத்தில் இப்சனின் 'ஹெடா கேப்ளர்' நாடகத்தைப் படிக்க உட்கார்ந்தவர், பொழுது இருட்டியது தெரியாமல் படித்து முடித்திருக்கிறார். தன்னால் நன்றாகச் செய்ய முடிந்த, ஆனால் மனம் ஒட்டாத வேலையை விட்டுவிட்டு, மனம் ஒட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டு அதில் தேர்ச்சி பெறப் பார்க்கலாம் என்று அங்கே முடிவு செய்ததாக 2016-இல் வெளியான தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

ஆரம்பத்துல என்னதான் பண்ணிட்டிருந்தார்? பேர் சொல்ற மாதிரி எதுவுமே இல்லையே?

ஊர் திரும்பியதும் லாரியில் சரக்கு ஏற்றுவது, காவலாளி வேலை என்று சில்லறை வேலைகள் பார்த்தார். திருமணம் நடத்தி வைக்கும் உரிமம் வாங்கி, பல ஜோடிகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்திருக்கிறார். 1983-இல் 'லவிங்' என்ற பகல்நேரத் தொடரில் நிலையான வேடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து கழற்றிவிட்டார்கள். அப்புறம் விளம்பரங்கள். மூலநோய்க் களிம்பு விளம்பரத்தில்கூட நடித்திருக்கிறார். ஜப்பானிய அனிமே படங்களுக்கு ஆங்கில டப்பிங் பேசினார். 'பவர் ரேஞ்சர்ஸ்' முதல் சீசனில் இரண்டு அரக்கர்களின் குரல் இவருடையது.

இதற்கு நடுவே ஏராளமான தொடர்களில் ஒரு நாள், இரண்டு நாள் வேடங்கள். 1986-இல் 'ஏர்வுல்ஃப்' தொடரில் வில்லனாக வந்தபோது, அவரிடம் பிணைக்கைதியாக மாட்டும் பெண்ணாக நடித்தவர் ராபின் டியர்டன். 1989-இல் இருவருக்கும் திருமணம் ஆனது. 1994-இலிருந்து 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரில் டிம் வாட்லி என்ற பல் டாக்டராக 5 எபிசோடுகளில் வந்தார். 1998-இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் ஒரு கையிழந்த ராணுவ அதிகாரியாகச் சில நிமிடம். பார்த்திருப்போம், பெயர் தெரிந்திருக்காது.

சின்னச் சின்ன வேஷத்துல எப்படிங்க குடும்பம் நடத்த முடியும்?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர்களுக்குப் படிநிலை உண்டு. ஒரு காட்சியில் நாலு வரி பேசிவிட்டுப் போகிறவர் 'கோ-ஸ்டார்'. ஒரு எபிசோடின் கதையைத் தாங்குகிறவர் 'கெஸ்ட் ஸ்டார்'. அவ்வப்போது திரும்பி வருகிறவர் 'ரெக்கரிங்'. ஒப்பந்தத்தில் நிரந்தரமாக இருப்பவர் 'சீரிஸ் ரெகுலர்'. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தை நடிகர் சங்கம் பேசி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே யாரும் கொடுக்க முடியாது.

அதைவிட முக்கியம் 'ரெசிட்யுவல்'. எபிசோடோ விளம்பரமோ மறுஒளிபரப்பாகும்போது நடிகருக்கு மறுபடி பணம் வரும். வருடக்கணக்கில் செய்த சின்ன வேடங்கள் சேர்ந்து, வேலையில்லாத மாதங்களில் அடுப்பெரிய வைக்கும். சங்கத்தின் மருத்துவக் காப்பீடும் உண்டு, ஆனால் ஆண்டுக்குக் குறிப்பிட்ட அளவு சம்பாதித்திருக்க வேண்டும். கிரான்ஸ்டன் போன்றவர்கள் முப்பது ஆண்டு தாக்குப்பிடித்தது இந்த அமைப்பால்தான். ஓடிடி வந்தபின் இந்த வருமானம் சுருங்கிப்போனது. 2023 ஜூலை முதல் நவம்பர் வரை நடந்த நடிகர் வேலைநிறுத்தத்துக்கு அது ஒரு பெரிய காரணம். அப்போது நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தில் டிஸ்னி தலைவரின் பெயரைச் சொல்லியே கிரான்ஸ்டன் கோபமாகப் பேசினார். பணம் நிறைய சேர்ந்த பிறகும் சின்ன நடிகர்களின் பக்கம் வந்து நின்றதால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆடிஷன்ல வரிசையா தோத்தா மனசு உடைஞ்சு போகாதா? அவர் எப்படி சமாளிச்சார்?

1990-களின் நடுவில் அவருடைய பார்வை மாறியது. அதுவரை வேலை வாங்குவதற்காக ஆடிஷனுக்குப் போனார். ஒரு வழிகாட்டியின் யோசனைக்குப் பிறகு, அந்த அறையில் அந்தப் பாத்திரத்தை ஒழுங்காக நடித்துக் காட்டுவது மட்டுமே தன் வேலை, யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது எதிரே இருப்பவர்களின் வேலை என்று எடுத்துக்கொண்டார். நடித்து முடித்து வெளியே வந்ததும் அதை அதோடு மறந்துவிடுவாராம்.

கேட்க எளிது, செய்யக் கடினம். இதில் ஒரு நடைமுறை லாபம் இருக்கிறது. வேலைக்காகக் கெஞ்சும் முகம் நடிப்பில் தெரிந்துவிடும். எதிரே இருப்பவரைத் திருப்திப்படுத்தப் பார்த்தால் பாத்திரம் நழுவும். அடுத்த கேள்வியில் வரும் எபிசோடும், ஹாலும் இந்த மாற்றத்துக்கு அப்புறம் வந்த வேடங்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஜட்டியோட காமெடி பண்ணவரை நம்பி அவ்ளோ பெரிய சீரியஸ் ரோல் எப்படி கொடுத்தாங்க?

கொடுக்க மாட்டோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். 'மால்கம் இன் த மிடில்' 2000 முதல் 2006 வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 7 சீசன், 151 எபிசோடுகள் ஓடியது. முதல் எபிசோடிலேயே சமையலறையில் நிற்கும் ஹாலின் முதுகு முடியை மனைவி மழித்துவிடுவார். எழுத்தில் ஹால் முதலில் ஒட்டுப் பாத்திரம்தான். எதைக் கொடுத்தாலும் செய்யத் துணிந்த நடிகர் கிடைத்ததும் எழுத்தாளர்கள் அவருக்காகவே எழுதத் தொடங்கினார்கள். உடம்பு முழுக்க உயிருள்ள தேனீக்களை மொய்க்கவிட்டு ஒரு காட்சியில் நடித்திருக்கிறார்.

அந்த முகத்தை வைத்துக்கொண்டு புற்றுநோயும் குற்றமுமான ஒரு கதையா என்று ஏஎம்சி சேனல்காரர்கள் தயங்கினார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் விடவில்லை. அவர் முன்பு 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் எழுத்தாளர். 1998 நவம்பரில் ஒளிபரப்பான 'டிரைவ்' என்ற எபிசோடை எழுதியவர் அவர்தான். மேற்கு நோக்கி ஓடும் காரை நிறுத்தினால் தலை வெடித்துச் செத்துவிடுவான் என்ற நிலையில் உள்ள ஒருவன். யூத வெறுப்பைக் கக்கும், சகிக்க முடியாத ஆள். ஆனாலும் பார்ப்பவர் அவனுக்காகப் பரிதாபப்பட வேண்டும். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய நடிகரைத் தேடி கிரான்ஸ்டனைப் பிடித்திருந்தார்கள். பல வருடம் கழித்து அந்த எபிசோடைப் போட்டுக் காட்டித்தான் கில்லிகன் சேனலைச் சம்மதிக்க வைத்தார்.

'பிரேக்கிங் பேட்' பிடித்தவர்கள் அந்த எபிசோடை, ஆறாவது சீசனில் இரண்டாவது, கட்டாயம் தேடிப் பாருங்கள். வால்டர் வைட்டின் விதை அதில் அப்படியே தெரியும்.

இன்னொன்று. 'மால்கம்' முடிந்ததும் அதே போன்ற அசட்டு அப்பா வேடங்கள் வந்தன. மறுத்துவிட்டார். ஏழு வருட நிலையான சம்பளம் கையில் இருந்ததால்தான் மறுக்க முடிந்தது.

அந்த மீசை, தொந்தி, கூன் எல்லாம் டைரக்டர் சொன்னதா, அவரே பண்ணதா?

பெரும்பாலும் அவருடைய யோசனை. வாழ்க்கையில் தோற்றுப்போன, யார் கண்ணிலும் படாத ஒருவன் என்று யோசித்து எடை கூட்டினார், கேலிக்குரிய மெல்லிய மீசை வைத்தார், முடியை மங்கலாக்கினார். உடைகளும் சுவரோடு கலந்துவிடும் நிறங்கள்தான். அந்தத் தளர்ந்த நடையும் வளைந்த முதுகும் அவருடைய அப்பாவிடமிருந்து எடுத்தவை. உலகத்தின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் அப்பா நடப்பார் என்று சொல்லியிருக்கிறார். பாத்திரத்தின் மனம் இறுக இறுக அந்த முதுகு நிமிர்வதை, இரண்டாவது தடவை பார்க்கும்போது கவனியுங்கள்.

தொடர் வந்த உடனே ஹிட்டா?

இல்லவே இல்லை. முதல் எபிசோடை சுமார் 14 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் முதல் சீசனே 7 எபிசோடுகளில் நின்றது. பழைய சீசன்கள் நெட்ஃபிளிக்ஸில் வந்து, மக்கள் மொத்தமாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அலை எழுந்தது. 2013 செப்டம்பர் 29 அன்று 62-ஆவது, கடைசி எபிசோடை ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

எத்தனை எம்மி வாங்கியிருக்கார்? ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க.

எம்மி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சி விருது. 'பிரேக்கிங் பேட்' தொடருக்காக, நாடகத் தொடரின் சிறந்த நடிகராக 4 முறை: 2008, 2009, 2010, 2014. அதே தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவராக 2013, 2014-இல் இரண்டு. 2025-இல் 'த ஸ்டூடியோ' நகைச்சுவைத் தொடரின் கௌரவ நடிகராக ஒன்று. ஆக ஏழு. 'மால்கம்' தொடருக்கு மூன்று பரிந்துரை வந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது வருத்தமே. ஹால் லேசான வேலையில்லை.

டிவியில இவ்ளோ பெரிய ஆள், சினிமாவுல ஏன் ஹீரோ ஆகல?

வயது ஒரு காரணம். ஹாலிவுட் அவரைத் தேடத் தொடங்கியபோது அவருக்கு 55. 'டிரைவ்' (2011, முன்னே சொன்ன எபிசோடுக்கும் இதற்கும் தொடர்பில்லை), 'ஆர்கோ', 'காட்ஸில்லா' என்று முக்கியமான துணை வேடங்கள் வந்தன. நாயகனாக நடித்த 'ட்ரம்போ' (2015) படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. கம்யூனிஸ்ட் என்று ஒதுக்கப்பட்டுப் பொய்ப் பெயர்களில் திரைக்கதை எழுதிய டால்டன் ட்ரம்போவின் கதை அது. விருது அந்த ஆண்டு டிகாப்ரியோவுக்குப் போனது.

ஆனால் கேள்வியிலேயே ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. சினிமா மேலே, டிவி கீழே என்ற வரிசை கலைந்த காலம் இது. அதைக் கலைத்த தொடர்களில் இவருடையதும் ஒன்று. 62 எபிசோடுகளில் ஒரு மனிதன் மெல்ல மெல்ல மாறுவதை இரண்டு மணி நேரப் படத்தில் எந்த நடிகராலும் காட்ட முடியாது.

நாடகத்துலயும் நடிச்சாராமே?

அங்கேதான் அவர் இன்னும் பெரியவர் என்பேன். 2014-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் 'ஆல் த வே' நாடகத்தில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனாக நடித்து, டோனி என்ற நாடக விருது. அதே ஆண்டில்தான் நான்காவது எம்மியும். அந்த நாடகம் 2016-இல் எச்பிஓ படமானது. 2017-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'நெட்வொர்க்'. அந்த வேடத்துக்கு லண்டனில் ஒலிவியே என்ற நாடக விருது, நியூயார்க் போனதும் 2019-இல் இரண்டாவது டோனி.

நம்ம 'தோழா' கதையில அவரும் நடிச்சிருக்காரா?

ஆமாம். 2011-இல் வந்த பிரெஞ்சுப் படம் ஒன்றின் தமிழ் வடிவம்தான் நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த 'தோழா' (2016). அதே கதையின் அமெரிக்க வடிவம் 'தி அப்சைட்'. நாகார்ஜுனா செய்த, கழுத்துக்குக் கீழே செயலிழந்த பணக்காரர் வேடம் கிரான்ஸ்டனுக்கு, கார்த்தியின் வேடம் கெவின் ஹார்ட்டுக்கு. 2017-இல் டொராண்டோ விழாவில் திரையிட்டும், 2019 ஜனவரியில்தான் திரையரங்குக்கு வந்தது.

மாற்றுத்திறனாளி நடிகருக்குக் கொடுத்திருக்க வேண்டிய வேடம் என்று விமர்சனம் எழுந்தது. பெரிய பெயர் இருந்தால்தான் படம் உருவாகும் என்ற வியாபாரக் கணக்கு அது என்றும், அவர்களுக்கு வாய்ப்புகள் கூட வேண்டும் என்பது நியாயமே என்றும் பதில் சொன்னார். பதில் நேர்மையானது, ஆனால் போதுமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் வேடங்களில்தான் நடிகர் தேறுகிறார் என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது. அந்த முதல் படிகூட பல மாற்றுத்திறனாளி நடிகர்களுக்குக் கிடைப்பதில்லை.

இப்போ ஓய்வு பெற்றுட்டாரா?

2023-இல் கொடுத்த பேட்டியில், 70 வயதாகும் 2026-இல் வேலையை நிறுத்திவிட்டு மனைவியோடு கொஞ்ச காலம் பிரான்சில் வாழப்போவதாகச் சொன்னார். அது ஓய்வில்லை, இடைவேளை என்று பிறகு விளக்கினார். இத்தனை வருடம் தன் வேலைக்காக ராபின் விட்டுக்கொடுத்ததை ஈடுசெய்ய வேண்டும் என்பதே காரணம். இதற்கிடையே 2024 டிசம்பரில், 'மால்கம்' குடும்பம் 4 புதிய எபிசோடுகளுக்குத் திரும்பும் என்ற அறிவிப்பும் வந்தது.

ஏஐ வீடியோ விஷயத்துல அவர் பேர் அடிபட்டதே, அது என்ன?

2025-இல் ஓபன்ஏஐ நிறுவனத்தின் 'சோரா 2' என்ற வீடியோ உருவாக்கும் ஏஐ கருவி வெளியானபோது, அவருடைய முகத்தையும் குரலையும் வைத்து அனுமதியில்லாமல் வீடியோக்கள் வந்தன. அவர் நடிகர் சங்கத்திடம் கொண்டுபோனார். அக்டோபரில் அந்த நிறுவனம், சங்கம், ஏஜென்சிகள், கிரான்ஸ்டன் எல்லோரும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். பாதுகாப்பை இறுக்குவதாக நிறுவனம் சொன்னது. தன்னைப் போன்றவரால் பேச முடியும், பேச முடியாத நடிகர்களுக்கும் சேர்த்துத்தான் இது என்ற அவருடைய நிலைப்பாட்டை, ரெசிட்யுவல் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே? கில்லிகன் அன்னிக்கு அவரைப் பார்க்கலேன்னா?

அதிர்ஷ்டம் இல்லாமல் இந்தத் தொழிலில் யாரும் மேலே வருவதில்லை என்று அவரே சொல்கிறார். 'எக்ஸ்-ஃபைல்ஸ்' கிடைக்காமல் போயிருக்கலாம். அப்போதும் அவர் நடிகராகவே இருந்திருப்பார், வாரம் ஒரு தொடரில் யாரோ ஒருவராக வந்து போயிருப்பார், நமக்குப் பெயர் தெரிந்திருக்காது. அவருடைய தலைமுறையில் அப்படி வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம். அவர்களில் கிரான்ஸ்டன் அளவுக்குத் திறமை உள்ளவர்களும் இருந்திருப்பார்கள்.

அப்போ நானும் வேலையை விட்டுட்டு நடிக்க வரலாமா?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. அவர் முடிவெடுத்தபோது இருபது சொச்சம் வயது, பிள்ளைகள் கிடையாது. சில்லறை வேலைகள் பார்த்துக்கொண்டேதான் நடிப்பில் நுழைந்தார். சங்கச் சம்பளமும் மறுஒளிபரப்புப் பணமும் அவருக்குப் பின்னால் இருந்தன. உங்கள் ஊரில், உங்கள் துறையில் அப்படி என்ன இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஒரு நாள் வேடத்துக்கு என்ன தருகிறார்கள், டப்பிங்குக்கு என்ன, பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

பிறகு உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பெயர் தெரியாத பல் டாக்டர் வேடத்தோடு நின்றுவிட்டாலும் இதைச் செய்வேனா? இல்லை என்று பதில் வந்தால், இப்போதைய வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் நாடகக் குழுவில் சேருங்கள்.